அம்மாவின் காலுக்குக் கரண்ட் வைக்கும் முறை

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டிவிக்குக் கீழே அந்த மெஷின் ஒன்று கிடக்கும். கைப்பேசி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர், வயர் நுனியில் தோலில் ஒட்டிக்கொள்ளும் நாலு ஒட்டு. தோல் வழியாக மெல்லிய கரண்ட் விட்டு வலியை அடக்கும் கருவி. கடைக்காரர் டென்ஸ் (TENS) என்பார். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் தமிழருக்கு அது கரண்ட் மெஷின். "மூணு நாள் கரண்ட் வச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று என்னிடம் வந்து சொல்லாத அக்காக்கள் குறைவு. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் வலிக்கிற இடத்தைக் காட்டுவார்கள். எத்தனையில் வைத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரி பிசியோ பகுதியில் 19 வருடம் உதவியாளராக இருந்தேன். கட்டில் துடைப்பது, நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு வருவது, சுடுபையைத் துண்டில் சுற்றிக் கொடுப்பது, ஒட்டுகளைச் சரிபார்த்து அடுக்குவது, இதுதான் வேலை. ஒட்டு எங்கே போகும், எந்த நம்பரில் ஓடும், எப்போது நோயாளியின் முகம் மாறும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. அதற்கும் முன்னால் அம்மாவோடு ஐந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். விடியற்காலை பிரட்டில் பெயர் கொடுப்பது, தலையில் விளக்கு, பிறகு தோளில் காண்டாக் கம்பு, அதில் இரண்டு பக்கமும் பால் வாளி. அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனைதான்.

இன்று என் வீட்டில் இந்த மெஷினுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். அம்மாவுக்கு 79 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) வந்து 20 வருடம் ஆகிறது, ராத்திரி ஆனால் பாதம் எரியும். வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர், இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரை இழுக்கும் வலி. மெஷின் ஒன்று, வைக்கும் முறை வேறு வேறு.

முன்கூட்டியே ஒரு விஷயம். இந்த மெஷின் நரம்பைக் குணப்படுத்தாது. இனிப்புநீர் கெடுத்த நரம்பு கெட்டதுதான். மெஷின் ஓடும் நேரமும், நிறுத்திய பின் கொஞ்ச நேரமும் வலி அடங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் லாபம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், இது நரம்பு வலிதானா?

தசை வலி அமுக்கினால் சுகமாக இருக்கும், ஒரு இடத்தில் கனக்கும். நரம்பு வலியின் பேச்சே வேறு. எரியும், ஷாக் அடித்த மாதிரி பாயும், எறும்பு ஊரும், ஊசி குத்தும், சில சமயம் போர்வை பட்டாலே தாங்காது. கூடவே மரத்தும் போயிருக்கும். அம்மா சொல்வது: "காலு என்னோடது மாதிரியே இல்ல, ஆனா வலி மட்டும் என்னோடது." இதைவிடத் தெளிவாக நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

சில வலிக்கு மெஷினைத் தேடவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் நின்றுபோனால், அல்லது அடக்க முடியாமல் போனால். தொடை இடுக்கும் ஆசனப் பகுதியும் மரத்துப்போனால். பாதம் திடீரென்று தொங்கிவிட்டால். வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால். ஒரு பக்கக் கை கால் சட்டென்று விழுந்தால் அது பக்கவாதம், 999 கூப்பிடுங்கள்.

வெறும் எரிச்சல்தான் என்றாலும் ஒருமுறை கவர்மெண்ட் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கே மீன்பிடி நைலான் நூல் மாதிரி ஒரு மெல்லிய கம்பியால் பாதத்தில் பத்து இடம் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். அந்த நூல் 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. அது படுவது தெரியவில்லை என்றால் பாதத்தைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று கணக்கு. இன்னொன்றையும் கேட்டு வாருங்கள். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தாலும் கால் இப்படியே மரத்து எரியும், ஆனால் அதைச் சரிசெய்ய வழி உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கரண்ட் வலியை எப்படி அடக்குகிறது

முன்பெல்லாம் தோட்டத்துக்குப் போகிற வழியில் ரயில் கேட் இருந்தது. ரயில் வருகிறது என்றால் கேட் இறங்கும், பால் லாரி, மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் நிற்கும். நம் முதுகுத் தண்டிலும் அப்படி ஒரு கேட் இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். தொடுதல், தடவுதல் போன்ற உணர்வைக் கொண்டுபோவது தடித்த நரம்பு இழை, வேகமாக ஓடும். எரிச்சலையும் நாள்பட்ட வலியையும் கொண்டுபோவது மெல்லிய இழை, மெதுவாக ஊரும். வேகமான ரயில் ஓடிக்கொண்டே இருந்தால் கேட் இறங்கியே இருக்கும், வலி அந்தப் பக்கம் நிற்கும். முட்டி மேசையில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதுவும் இதே வேலைதான். மெஷின் களைக்காமல் தேய்க்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மெதுவாக, தட்டித் தட்டிக் கொடுக்கும் கரண்ட், உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணியைக் கிளப்பிவிடும். இதனால்தான் மெஷினில் வேகமான முறை, மெதுவான முறை என்று இரண்டு இருக்கிறது.

புதுசு மாதிரி தெரியும், ஆனால் பழைய சரக்கு. ரோமாபுரியில் 1ஆம் நூற்றாண்டிலேயே ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், கீல்வாதக்காரர்களை உயிருள்ள மின்திருக்கை மீன் மேல் கால் வைத்து நிற்கச் சொல்லியிருக்கிறார், கால் முட்டிவரை மரக்கும் வரை. இதைச் சொன்னதும் வீட்டுக்காரர், "பரவாயில்லை, அந்த மீனுக்கு பேட்டரி மாத்த வேண்டாம்" என்றார்.

யார் தொடவே கூடாது

நெஞ்சில் பேஸ்மேக்கர் அல்லது அதுபோன்ற இதயக் கருவி வைத்திருப்பவர்கள் இதய மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. மெஷினின் துடிப்பு அந்தக் கருவியைக் குழப்பிவிடும். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டு மாமா ஒரு நாள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினால் காலர் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி மாதிரி ஒரு மேடு. "இது என்ன மாமா?" என்றேன். "அது ஹார்ட்டுக்கு, இது முதுகுக்கு, ரெண்டும் வேற லா" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்னும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார்.

கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், ரத்தக் கட்டி இருக்கும் கால், புண், வெடிப்பு, அரிப்பு உள்ள தோல், இவற்றின் மேல் வைக்காதீர்கள். கழுத்தின் முன்பக்கம் கூடாது, அங்கே ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இருக்கிறது. கண், வாய், தலை கூடாது. ஒரு ஒட்டு நெஞ்சிலும் ஒரு ஒட்டு முதுகிலுமாக மார்புக்குக் குறுக்கே ஓடவிடக் கூடாது. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தூங்கும்போது வேண்டாம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மெஷினை உடம்பில் மாட்டாதீர்கள்.

வாங்கும்போது

நான் ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் 160 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு சேனல் உள்ளதாக வாங்குங்கள், அதாவது இரண்டு ஜோடி ஒட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பொத்தான். இரண்டு நம்பரை நீங்களே மாற்ற முடிய வேண்டும். ஒன்று ஹெர்ட்ஸ், வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பது. இன்னொன்று துடிப்பின் அகலம், மைக்ரோ செகண்டில் இருக்கும். "மசாஜ், குத்தூசி, தட்டல்" என்று படம் மட்டும் போட்டு நம்பரே காட்டாத மெஷினில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்டியில் ஈஎம்எஸ் என்று மட்டும் இருந்தால் அது தசையை இழுத்து விடும் மெஷின், நம் வேலைக்கு அல்ல. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி இதெல்லாம் எம்டிஏ என்ற மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் போட்டுப் பார்க்கலாம்.

காலடியில் வைக்கிற தட்டு மெஷின் விற்கும் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மண்டபத்தில் பெரியவர்களைக் கூட்டி, தினமும் முட்டையும் சோப்பும் இலவசமாகக் கொடுத்து, மூன்றாவது வாரம் அம்மாவிடம் ஏறக்குறைய 3,000 வெள்ளிக்கு ஒரு தட்டை எழுதிவிட்டார்கள். "நரம்பு புதுசா முளைக்கும்" என்றார்களாம். முளைக்காது. முன்பணத்தைத் திரும்ப வாங்க நான் நாலு தடவை நடந்தேன். அதைவிடப் பெரிய குறை, அந்தத் தட்டு கரண்டை உள்ளங்காலில் கொடுக்கிறது. இனிப்புநீர்க்காரருக்கு உணர்ச்சியே இல்லாத இடம் அதுதான்.

பஞ்சும் ஸ்பூனும்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

மெஷினை எடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுப் பஞ்சும், ஒரு பல்குத்தும் குச்சியும், ஐஸ் தண்ணீரில் போட்ட ஸ்பூனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு என் வீட்டுக் கதையே போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் பசார் மாலாமுக்கு, அதாவது ராத்திரிச் சந்தைக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கால் எரிச்சல் தாங்கவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு மெஷினை எடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறார், எரிகிற இடத்தில், உள்ளங்காலில். பொத்தானை அமுக்கச் சொன்னார். "தெரியுதா பாட்டி?" "ஒண்ணும் தெரியல, கூட்டு." அவளும் கூட்டினாள். "இப்போ?" "இன்னும் கூட்டுடி." நான் வரும்போது நம்பர் 40ஐத் தாண்டி இருந்தது. கால் விரல்கள் தானாக மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன. அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டைப் பிரித்தேன். ஒரு ஓரம் ஏற்கனவே கழன்றிருந்தது, மீதி ஒட்டியிருந்த சின்ன இடத்தில் மொத்தக் கரண்டும் இறங்கியிருக்கிறது. ஐம்பது காசு அளவு சிவந்து, நடுவில் ஒரு கொப்புளம். சாதாரணக் காலுக்கு அது ஒன்றுமில்லை. அம்மாவின் காலில் ஆற ஆறு வாரம் ஆனது, வாரம் மூன்று முறை கிளினிக்கில் கட்டு மாற்றினோம். 19 வருடம் பிசியோவில் வேலை செய்தவளின் வீட்டில் இது நடந்தது. மெஷினை மேல் தட்டில் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

அதனால் முறை இது. கண்ணை மூடச் சொல்லுங்கள். முதலில் கையில் தொட்டு, எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். பிறகு காலில் பஞ்சால் தொடுங்கள், சில சமயம் தொடாமலேயே "தெரியுதா?" என்று கேளுங்கள், ஏனென்றால் பெரியவர்கள் நம்மைத் திருப்திப்படுத்த "ம்" என்பார்கள். குச்சியின் கூர் முனை, மொட்டை முனை இரண்டையும் மாற்றி மாற்றி மெல்ல வைத்து, எது எது என்று கேளுங்கள். குளிர்ந்த ஸ்பூனை வைத்துப் பாருங்கள். விரலில் தொடங்கி மேலே வாருங்கள். எங்கே கூரும் மொட்டையும் சரியாகப் பிரித்துச் சொல்கிறாரோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும்தான் ஒட்டு. அம்மாவுக்கு அந்தக் கோடு கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே விழுந்தது. மாதம் ஒருமுறை மறுபடி பார்க்கிறேன், கோடு மெதுவாக மேலே ஏறக்கூடியது.

ஒட்டும் இடம்

அம்மாவுக்கு ஒரு காலுக்கு ஒரு சேனல். முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, விரலால் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்துக்குப் போகும் நரம்பு ஒன்று அதன் கழுத்தைச் சுற்றித்தான் இறங்குகிறது. முதல் ஒட்டு அதற்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவது ஒட்டு கெண்டைக்காலின் உள்பக்கம், பேனாக் கோட்டுக்கு மேலே. சரியாக விழுந்தால் கிர்ரென்ற உணர்வு கீழே பாதத்தை நோக்கி ஓடும். ஓடவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஒட்டை அரை அங்குலம் நகர்த்துங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், முதல் நாள் எங்களுக்கு நாலு முறை நகர்த்த வேண்டியிருந்தது.

வீட்டுக்காரருக்கு: முதல் சேனல் இடுப்பில், வலிக்கிற பக்கம், முதுகெலும்பின் மேலே இல்லாமல் ஒட்டி ஓரமாக ஒன்று, நாலு விரல் கீழே புட்டத்தின் மேல்பகுதியில் ஒன்று. இரண்டாவது சேனல் தொடையின் பின்பக்க நடுவில் ஒன்று, முட்டி மடிப்புக்குக் கீழே கெண்டையில் ஒன்று.

பால் வெட்டிய கைகளுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரப்பது சகஜம். அதற்கு முன்கையின் உள்பக்கம் சிறிய ஒட்டுகள் இரண்டு போதும், ஆனால் அதில் ராத்திரி மணிக்கட்டைப் பட்டையில் நேராக வைத்துத் தூங்குவதே பெரிய உதவி. அக்கி வந்து போன இடத்து வலியை டாக்டர் காட்டிக் கொடுக்காமல் நீங்களாக முயல வேண்டாம், பெரும்பாலும் அது நெஞ்சைச் சுற்றித்தான் வரும்.

இரண்டு ஒட்டுகளுக்கு நடுவில் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி. ஒன்றையொன்று தொட்டால் கரண்ட் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். சிவப்பு வயரா கறுப்பு வயரா என்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், சில மெஷினில் கறுப்புப் பக்கம் சற்றுத் தூக்கலாகத் தெரியும்.

ஒட்டுவதற்கு முன் தோலை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். அம்மா வழக்கமாகத் தேங்காயெண்ணெயும் அதன்மேல் கோடாலித் தைலமும் தடவிக்கொண்டு வந்து உட்காருவார். எண்ணெய் மேல் ஒட்டு நிற்காது, தைலம் மேல் வைத்தால் தோல் பொசுங்கின மாதிரி எரியும். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், சவரம் செய்த உடனே கரண்ட் வைத்தால் சுருக்கென்று குத்தும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை இன்னொரு தொல்லை. ஃபேனைப் போட்டுக் கால் உலர்ந்த பிறகு ஒட்டுங்கள்.

நம்பர்

முதலில் ஒட்டு, பிறகு வயர், கடைசியில் மெஷின். கூட்டும் பொத்தான் சுழியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகமான முறையில் தொடங்குங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 100 முதல் 200 மைக்ரோ செகண்ட். ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு எறும்பு ஊரும், பிறகு கிர்ரென்று பலமாக இருக்கும். பலமாக, ஆனால் வலிக்காமல், தசை துடிக்காமல். அங்கே நிறுத்துங்கள். எறும்பு ஊரும் கட்டத்திலேயே நிறுத்திவிடுபவர்கள்தான் "ஒண்ணும் கேக்கல" என்று வருகிறார்கள். கேட் இறங்க ரயில் கொஞ்சம் கனமாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும், மெஷின் பழுதில்லை, உடம்பு பழகிவிட்டது. இரண்டு படி கூட்டிக்கொள்ளலாம். முதல் நாள் 20 நிமிடம். தோல் நன்றாக இருந்தால் 30 முதல் 60 நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, இடையில் சில மணி நேரம் விட்டு. அம்மா மாதிரி உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, கோட்டுக்கு மேலே ஒட்டியிருந்தாலும் "தெரியல, கூட்டு" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். தெரியவில்லை என்றால் அன்று வேண்டாம்.

மெதுவான முறை 2 முதல் 4 ஹெர்ட்ஸ், அகலம் 200 அல்லது அதற்குச் சற்று மேல். இதில் தசை டக் டக்கென்று துடிப்பது கண்ணுக்குத் தெரியும், தெரிய வேண்டும். 20 முதல் 30 நிமிடம் போதும், அதற்கு மேல் மறுநாள் தசை நோகும். நிறுத்திய பிறகும் இதன் பலன் சற்று நிற்கும். அபின் வகை வலி மாத்திரையை நீண்ட நாள் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த முறை அவ்வளவாகக் கேட்காது, அவர்கள் வேகமான முறையிலேயே இருக்கலாம். தினமும் ஒரே நம்பரில் ஓட்டினால் சில வாரத்தில் உடம்பு மதிக்காமல் போகும், மாற்றி மாற்றி வையுங்கள்.

கோப்பி விஷயம் ஒன்று. 1995இல் ஒரு சிறிய ஆய்வில், காஃபின் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கரண்டின் பலன் குறைந்தது என்று கண்டார்கள். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் வீட்டுக்காரர் கெட்டியாக கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்த கையோடு மெஷினைத் தேடுவார் என்பதால் நான் அதை வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறேன். முதலில் மெஷின், அப்புறம் கோப்பி.

முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஒட்டைப் பிரிக்க வேண்டும். ஓடும்போது பிரித்தால் விரலில் சுள்ளென்று அடிக்கும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒட்டின் ஓரத்தைத் தூக்குங்கள். தோல் லேசாக இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, ஒரு மணி நேரத்தில் போய்விட வேண்டும். போகாவிட்டால், அரித்தால், கொப்புளம் வந்தால் நிறுத்துங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுகளை அவற்றின் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, மூடிய பையில் வெயில் படாமல் வையுங்கள். காய்ந்துபோனால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் கொஞ்சம் உயிர் வரும். 20, 30 தடவைக்கு மேல் இழுக்காது. ஓரம் தூக்கினால் எறிந்துவிடுங்கள், 15 வெள்ளிக்குக் கஞ்சத்தனம் பார்த்தால் ஆறு வாரம் கட்டு மாற்ற வேண்டிவரும்.

அடங்கிய நேரத்தில் என்ன செய்வது

அம்மாவுக்கு மெஷின் ஓடி முடிந்ததும் எரிச்சல் ஒரு மணி, சில நாள் இரண்டு மணி அடங்கும். அந்த நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டச் சொல்வேன், பிறகு சப்பாத்து போட்டு வீட்டு வரிசை முனை வரை நடை. வெறுங்காலோடு கோயில் வெளிவீதியைச் சுற்றுவதுகூட இப்போது கிடையாது, மத்தியானத் தரைச் சூடு அவருக்குத் தெரியாது. வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்போம், விரல் இடுக்கையும். அதன் பிறகு படுக்கை. எரிச்சல் திரும்பி வருவதற்குள் தூங்கிவிட்டால் அன்றைய கணக்கு ஜெயம். ராத்திரி மாத்திரையை நிறுத்தவில்லை, அதை டாக்டர்தான் குறைக்க வேண்டும். இனிப்பு அளவு கட்டுப்படாமல் கரண்ட் மட்டும் வைப்பது ஓட்டை வாளியில் பால் சேர்க்கிற வேலை.

ஒரு பள்ளி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வைக்கும் முன் வலி பத்துக்கு எத்தனை, முடிந்ததும் எத்தனை, இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை, என்ன நம்பர். மூன்று வாரம் எழுதுங்கள். இந்த மெஷினைப் பற்றி மருத்துவ உலகமே ஒரே குரலில் பேசவில்லை. 2010இல் அமெரிக்க நரம்பியல் கழகம் ஆய்வுகளைப் பார்த்து, இனிப்புநீர் நரம்பு வலிக்கு முயன்று பார்க்கலாம், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பரிந்துரைக்க முடியாது என்றது. சிகிச்சைக்கு வழிகாட்டி வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல், இடுப்பு வலிக்கும் அதிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. 2017இல் நரம்பு வலிக்கான ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று முடித்தது. ஆகவே உங்கள் உடம்புக்கு உங்கள் நோட்டுதான் சாட்சி.

எங்கள் நோட்டில் அம்மாவின் பக்கம் 7இலிருந்து 4க்கு இறங்கி ஏறுகிறது, பெரும்பாலான நாட்களில். வீட்டுக்காரர் பக்கம் மூன்று வாரமும் 6, 6, 5, 6. இரண்டு முறையையும் பார்த்தாயிற்று, ஒட்டை நகர்த்தியும் பார்த்தாயிற்று. அவருக்கு இது இல்லை. இப்போது காலையில் நடை, பிசியோவில் சொல்லிக்கொடுத்த முதுகுப் பயிற்சி, லாரியில் உட்கார்ந்த காலத்தைத் திட்டுவது, இவ்வளவுதான்.

அவருடைய ஒட்டுகள் பாக்கெட் பிரிக்காமல் ஒரு ஜோடி மிச்சம் இருந்தன. நாலாம் வரிசை அக்கா தன் மாமியாருக்கு மெஷினை ஒரு வாரம் இரவல் கேட்டு வந்தபோது அதையும் சேர்த்துக் கொடுத்தேன். பழைய ஒட்டைத் தர மாட்டேன், ஒருவர் தோலில் ஒட்டியது அவருக்கே. கூடவே பஞ்சும் ஒரு பேனாவும் பையில் போட்டேன். "பேனா எதுக்குக்கா?" என்றாள். "உட்காரு, காலைக் காட்டு" என்றேன்.